ஊறலும் நனைதலும்



புகைவண்டி அலுவலகத்தில் பேரேடு எழுதும் நாம் புலவர் அல்லோம். எனினும், நம் அடுக்களையில் வழங்கும் சில சொற்களைப் பற்றி இவ்வாண்டு விழாவில் பேச விழைகின்றோம்.

உலர்ந்த பொருளை நீரால் பதப்படுத்த நம் அன்னையர் எத்தனை சொற்களை ஆளுகின்றனர்! அவலை நனைப்பர், அரிசியைக் களைவர், கொண்டைக்கடலையை ஊறவைப்பர், புளியைக் கரைப்பர், பச்சைப்பயற்றை முளைகட்டுவர். ஒவ்வொரு சொல்லிலும் ஒரு செய்முறை அடங்கியுள்ளது. நனைத்தல் சிறுபொழுது, கடலை ஊறுதற்கோ ஓர் இரவு வேண்டும். அவலை இரவெல்லாம் ஊறவிட்டால் கூழாகும். கடலையை நனைத்த அளவிலேயே அடுப்பேற்றினால் எளிதில் வேகாது. அதிலும் நம் பெங்களூர் கடல்மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கு நீர் ஏறக்குறைய 97 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுவதால் பருப்பும் பயறும் வேகச் சற்றுக் கூடுதல் நேரமாகும். ஊறவைத்தலின் அருமை இங்கு மிகுதி.

ஊறுகாய் என்பது வினைத்தொகை. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலத்தையும் அச்சிறு சொல் தாங்கி நிற்கின்றது.

நம் விவேக் நகரில் அண்டை வீட்டுக் கன்னடத் தாய்மார் ஊறவைத்தலை 'நெனெசு' என்பர்; அது நம் 'நனை'க்கு உறவான சொல். கான்டன் சீனரோ உலர்ந்த காளானை ஊறவைத்துப் பருக்கச் செய்வதை 'ஃபாத்' என்பர். செல்வம் பெருகுக என்னும் அவர்தம் புத்தாண்டு வாழ்த்திலும் அச்சொல்லே ஒலிக்கின்றது. அடுக்களைச் சொல்லை எளிதென எண்ணலாமோ?

இன்று நம் பிள்ளைகள் இவை அனைத்திற்கும் 'சோக் பண்ணு' என்னும் ஒன்றையே சொல்லுகின்றனர். எல்லாச் சரக்கு மூட்டைகளிலும் ஒரே ஊர்ப்பெயரை எழுதினால் எந்த மூட்டை எங்குச் சேரும்? சொல் ஒன்றானால் செய்முறை வேறுபாடும் மெல்ல மறையும்.

ஆதலின் தாய்மார்களே, தந்தையரே! இதற்கெனத் தனி வகுப்பு வேண்டுவதில்லை. இன்றிரவு கடலையை நீரிலிடும்போது பிள்ளைகளை அருகழைத்து, 'ஊறவை' என்று அவர்கள் கையாலேயே செய்வியுங்கள். கையோடு கற்ற சொல் நாவை விட்டு அகலாது.