கழிவில் விளையும் காவலன்



சித்தூர் வட்டார மாங்கூழ் ஆலைகளில் கிளிமூக்கு மாம்பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோலும் கொட்டையுமாய்க் கழிகிறது. குவிந்து அழுகினால் நாற்றமும் ஈயுமே மிச்சம்.

அத்தோலை உலர்த்திப் பொடித்துத் தவிட்டுடன் கலந்து, நீர் தேங்காமல் ஈரமாக்கி, ஆவியில் அவித்து ஆறவிடுக. 'டிரைக்கோடெர்மா' என்னும் நற்பூசணத்தின் தூய வித்தைத் தூவினால், சில நாட்களில் பச்சைப் பொடியாய்ப் பூக்கும். இதுவே திண்மநிலை நொதித்தல்.

பயிரின் வேரழுகலுக்குக் காரணமான பூசணத்தை இது சுற்றி வளைத்து உண்பதை வெய்ண்ட்லிங் என்னும் அறிஞர் 1932-இல் எடுத்துக்காட்டினார். தொழுவுரத்தோடு கலந்து இட்டால் நிலக்கடலைக்கும் காவலாகும்.

சித்தூரும் திருப்பதியும் நமக்குச் சோறிட்ட மண். ஆலை நடத்துவோரும் உழவரும் கைகோத்தால், இன்று கொட்டும் குப்பை நாளை அம்மண்ணைக் காக்கும்.