பொலிஸ் என்னும் சொல்
(இளைஞர் சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



அழுகிற பிள்ளையை அடக்குவதற்குப் "பொலிஸ் வருகுது" என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அச்சத்தின் பெயராகவே அச்சொல்லைப் பிள்ளைகள் முதலில் அறிகின்றனர். ஆனால், அச்சொல் பிறந்த இடத்தில் அச்சமுமில்லை, குண்டாந்தடியுமில்லை.

பழைய கிரேக்க மொழியில் 'பொலிஸ்' என்றால் நகரம். ஏதென்ஸ் போலத் தன்னைத் தானே ஆண்ட நகரம். தமிழ்நாட்டார் 'போலீஸ்' என்று நீட்டி எழுத, இலங்கையில் நாம் எழுதும் 'பொலிஸ்' தற்செயலாக அம்மூலச் சொல்லின் ஓசையையே ஒத்திருக்கின்றது. அந்நகரின் குடிமகன் 'பொலித்தேஸ்'. குடிமக்கள் கூடி வாழும் அரசமைப்பு 'பொலித்தேயா'. நல்லரசு பற்றிப் பிளேட்டோ எழுதிய நூலின் கிரேக்கப் பெயரும் இதுவே.

இச்சொல் இலத்தீன் வழியாகப் பிரெஞ்சு மொழியை அடைந்தது. 1667ஆம் ஆண்டில் பதினான்காம் லூயி மன்னன் பாரிஸ் நகருக்குப் பொலிஸ் அதிபதி ஒருவரை நியமித்தான். கள்வரைப் பிடிப்பது மாத்திரம் அவர் கடமையன்று. தெருவிளக்கு, வீதித் துப்புரவு, சந்தைக்குத் தானியம் வந்து சேருதல் யாவும் அவர் பொறுப்பே. 1829இல் றொபேட் பீல் லண்டனில் பொலிஸ் படையை அமைத்தபோது, அவர்களுக்கு நீல உடை அளிக்கப்பட்டது. செவ்வுடைப் போர்வீரர் வேறு, இவர்கள் வேறு என்று மக்கள் கண்டுகொள்ளவேண்டும் என்பதே கருத்து.

நம் முன்னோரிடத்தும் இக்கருத்து உண்டு. சோழர் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்னும் சொல் வருகின்றது. பாடி என்பது ஊர். ஊரைக் காத்தலையும், அதற்காக ஊரார் செலுத்திய வரியையும் அது குறித்தது. கிரேக்கச் சொல்லில் நகரம், தமிழ்ச் சொல்லில் ஊர். இரண்டிலும் முன்னிற்பது மக்கள் வாழுமிடமே.

இலங்கையில் 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் பின், 1866இல் கம்பல் என்பவர் படைத் தலைவரானார். கிராமங்களிலோ பொலிஸ் விதானைமார் இருந்தனர். அம்முறை 1963இல் நீங்கிக் கிராம சேவகர் வந்தபின்பும், முதியோர் அவரை 'விதானையார்' என்றே அழைத்தனர். ஊரை அறிந்து, ஊர்மொழி பேசியவருக்கு ஊர் கொடுத்த மதிப்பு அது.

இச்சொல்லாராய்ச்சியால் நமக்கு என்ன பயன்? சீருடையின் அதிகாரம் குடிமக்கள் ஒப்படைத்த அதிகாரம் என்பதே. முறைப்பாடு செய்யப் போகிறவர் இரந்து நிற்பவரல்லர், உரிமையுடன் நிற்பவர். 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. அவ்வாறிருந்தும், தாம் வாசிக்க அறியாத மொழியில் எழுதப்பட்ட முறைப்பாட்டிற்குக் கையொப்பமிட்டவர் நம்மிடையே உண்டு.

இளைஞர்களே! உங்கள் ஊரில் ஒரு முதியவர் பொலிஸ் நிலையம் போக அஞ்சி நின்றால் துணை செல்லுங்கள். தமிழில் எழுதும்படி பணிவாகக் கேளுங்கள். எழுதியதை வாசித்தறிந்த பின்பே ஒப்பமிடச் செய்யுங்கள். அவ்வாறே, கண்முன் ஒரு குற்றம் நடந்தால் 'நமக்கேன்' என்று ஒதுங்காது சாட்சி சொல்லுங்கள். உரிமையைக் கேட்பவனுக்குக் கடமையும் உண்டு. குடிமகன் ஒதுங்கி நிற்கும் ஊரில் பொலிஸ் என்னும் சொல்லுக்குப் பொருளேயில்லை.