காத்தும் வெயிலும் நம்மூரு, கரண்டும் காசும் யாரூரு?

(எப்போதும்வென்றானில் நடைபெற்ற கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

கரிசக்காட்டுச் சம்சாரிப் பெருமக்களே, களையெடுத்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, வெளியூர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிற வாலிபப் பிள்ளைகளே!

பருவநிலை மாற்றம் பற்றிக் கூட்டம் என்று நோட்டீஸ் அடித்ததும் ரெண்டு மூணு பெரியவர்கள் நம்மைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏம்ப்பா, இன்சூரன்ஸ் பணம் வந்தபாடில்லை. பன்னி மக்காச்சோளத்தை உழுதுட்டுப் போகுது. அதை விட்டுட்டு உலகத்துச் சமாச்சாரம் நமக்கு எதுக்கு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்த உலகத்துச் சமாச்சாரம் நம்ம புஞ்சைக்குள்ளேயே இறங்கி, வரப்பில் கம்பம் நட்டு நிற்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

2007 ஏப்ரல் 17-ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் முதன்முறையாகப் பருவநிலை மாற்றத்தைப் பற்றி விவாதித்தது. யுத்தம், படை, அணுகுண்டு பற்றிப் பேசுகிற சபை அது. அந்த மாதம் தலைமை வகித்த பிரிட்டன் விஷயத்தை அங்கே கொண்டுபோனது. மழை தப்பினால் தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் சனங்கள் மோதிக்கொள்வார்கள், ஊரைவிட்டு ஊர் ஓடுவார்கள், அதனால் இது நாடுகளின் பாதுகாப்புப் பிரச்சினை என்றார்கள். ரெண்டு மாதம் கழித்து, அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன், சூடான் நாட்டு டார்ஃபூர் சண்டையின் வேரில் மழை குறைந்துபோனதும் ஒரு காரணம் என்று எழுதினார். அந்த வருஷம் சமாதானத்துக்கான நோபல் பரிசே பருவநிலையை ஆராய்கிற ஐ.நா. விஞ்ஞானிகள் குழுவுக்கும் அல் கோருக்கும் போனது.

2021 டிசம்பரில் இதையே பாதுகாப்புக் கவுன்சிலின் நிரந்தர வேலையாக ஆக்க ஒரு தீர்மானம் வந்தது. இந்தியா எதிர்த்து ஓட்டுப் போட்டது. ரஷ்யா வீட்டோ போட்டது, தீர்மானம் தோற்றது. மத்திய அரசோடு நமக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனாலும் இந்த ஓட்டில் ஒரு நியாயம் இருப்பதாகவே நாம் நினைக்கிறோம். நூறு, நூற்றைம்பது வருஷமாகப் புகையைக் கக்கினவன், கடைசியில் போலீஸ் தொப்பியும் மாட்டிக்கொண்டு நம்மை விசாரிக்க வரக்கூடாது அல்லவா? சரி, அது டெல்லிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

சம்சாரிக்குப் பாதுகாப்பு என்றால் என்ன? குலுக்கையில் நாலு மாசத்துக்குத் தானியம், படப்பில் மாட்டுக்குத் தட்டை, கண்மாயில் தை வரைக்கும் தண்ணி, அடுத்த புரட்டாசிக்கு விதை. இந்த நாலும் இருந்தால் எவன் வந்தாலும் பயமில்லை என்று நம் பாட்டன்மார் இருந்தார்கள். இன்றைக்கு இந்த நாலில் எது நிச்சயம்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

2016-ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 1876-க்குப் பிறகு இவ்வளவு மோசமான பருவம் இல்லை என்று கணக்குச் சொன்னார்கள். 1876 என்றால் தாது வருஷப் பஞ்சம். கிழவிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்களே, அதே பஞ்சம்தான். 2017 ஜனவரி 10-ஆம் தேதி 32 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று மாநில அரசு அறிவித்தது. நம் காட்டில் கரிசல் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. மாட்டை விற்றோம், விற்ற மாடு திரும்ப வரவில்லை.

ஏழு வருஷம் கழித்து நேர்மாறாக நடந்தது. 2023 மார்கழி பிறந்த அன்றைக்கு, டிசம்பர் 17-ஆம் தேதி பிடித்த மழை. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். கோவில்பட்டியில் 50 சென்டிமீட்டருக்கு மேல். நமக்கு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையே 65, 75 சென்டிமீட்டர்தான். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று, நூற்றுக்கணக்கான சனங்கள் சாப்பாடில்லாமல் தவித்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர் வந்து பொட்டலம் போட்டது. ஐ.நா. சபையில் பேசின 'பாதுகாப்பு' நம் மாவட்டத்து வானத்திலேயே வட்டமடித்தது. உளுந்தும் பாசியும் காய் பிடிக்கிற நேரம். கரிசல் மண்ணின் குணம் உங்களுக்குத் தெரியும், ஊறினால் ஆளை முழங்கால் வரை இழுக்கும். ஒரு வாரம் காட்டுக்குள்ளே கால் வைக்க முடியவில்லை. வேர் அழுகிப் போனதைக் கரையில் நின்றுதான் பார்த்தோம்.

ஒரு மழையைக் காட்டி, இது இந்தப் புகையால் வந்தது என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். சுமக்கிற காலமெல்லாம் வறட்சி, இறக்கி வைக்கிற அன்றைக்கு வெள்ளம். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-லிருந்து இந்தக் கரிசலுக்காகவே இருக்கிறது. விதையைக் கடினப்படுத்தி, மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைக்கச் சொல்லிக்கொடுத்தது. நல்ல யோசனை, பலபேருக்குக் கைகொடுத்தது. ஆனால் மழை எந்த வாரம் வரும் என்ற ஒரு நம்பிக்கையின் மேல்தான் அந்த யோசனையே நிற்கிறது. அந்த வாரம்தான் இப்போது பிடிபட மாட்டேன் என்கிறது.

புகை எங்கிருந்து வருகிறது? தூரத்தில் தேட வேண்டாம். தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979-இல் ஓட ஆரம்பித்து, ஐந்து யூனிட்டுகளாக 1,050 மெகாவாட் வரை வளர்ந்தது. 2015-இல் பக்கத்திலேயே மத்திய அரசின் கூட்டு நிறுவனம் இன்னொரு 1,000 மெகாவாட் கொண்டுவந்தது. தனியார் நிலையங்கள் தனி. கப்பலில் வந்து இறங்குகிற நிலக்கரியில் நம் தெரு விளக்கும் எரிகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. எரிப்பதைக் குறைத்து, காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுக்க வேண்டும் என்பதில் நமக்கு யாரோடும் தகராறு இல்லை. அதில் நமக்குத்தான் அவசரம் அதிகம்.

இந்த வேலையில் நம் மாவட்டம் புதுசும் இல்லை. 1986-இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் காற்றாலை போட்டார்கள். நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் அது ஒன்று. அப்புறம் கயத்தாறு. இன்றைக்குத் தமிழ்நாட்டில் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 2016-இல் கமுதிப் பக்கம் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சோலார் வந்தது. வைகாசியிலிருந்து ஆவணி வரை வீசுகிற காத்து, நம் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டதுபோக, கோடி கோடியாகச் சம்பாதித்துக் கொடுக்கிறது. யாருக்கு?

இங்கேதான் நம் வழக்கு. முதலில் புரோக்கர் வருகிறான். மானாவாரிப் புஞ்சை, மழையில்லை, பிள்ளைகள் திருப்பூரில். கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். அடுத்து ரெக்கை ஏற்றின லாரி போகப் பாதை வேண்டும். ஓடையை மண்ணடித்து மூடிப் பாதை போடுகிறார்கள். மழை பெய்தால் அந்தத் தண்ணி கண்மாய்க்குப் போகாமல், நிலத்தை விற்காதவன் புஞ்சையில் போய் நிற்கிறது. கண்மாய்க்கரையைக் காப்பாற்ற 2007-லேயே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் போட்டார்கள். கண்மாய்க்குத் தண்ணி கொண்டுவருகிற ஓடையை யார் காப்பாற்றுவது? நில அளவைப் படத்தில் ஓடை இருக்கிறது, காட்டில் இல்லை!

அதற்கப்புறம் கம்பம். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் பட்டா நிலத்தில் குழி தோண்டியிருக்கிறது. கேட்டால் சட்டம் இருக்கிறது என்கிறார்கள். இருக்கத்தான் செய்கிறது. 1885-இல் வெள்ளைக்காரன் தந்திக் கம்பம் நடப் போட்ட சட்டத்தின் அதிகாரத்தை, 2003 மின்சாரச் சட்டம் 164-ஆவது பிரிவின்படி மின் லைன் போடுகிறவர்களுக்கும் அரசு கொடுக்க முடியும். ஆனால் அப்படி எழுத்தில் உத்தரவு வாங்கியிருக்க வேண்டும். காட்டச் சொல்லிக் கேளுங்கள். உத்தரவைப் பார்க்காமல் குழிக்குச் சம்மதம் சொல்ல வேண்டாம்.

நஷ்ட ஈட்டிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2015-இல் மத்திய மின்துறை, கோபுரம் நிற்கிற இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2024 ஜூனில் அதை 200 சதவீதமாக உயர்த்தி, கம்பிக்குக் கீழே இருக்கிற வழித்தடத்துக்கு 30 சதவீதம் என்றது. கேட்க இனிப்பாக இருக்கிறது. 2015-லேயே ஒரு வரி போட்டார்கள்: 66 கே.வி.யும் அதற்கு மேலும் உள்ள லைனுக்கு மட்டும் என்று. காற்றாலையிலிருந்தும் சோலார் பண்ணையிலிருந்தும் துணை மின்நிலையத்துக்கு நம் புஞ்சை வழியாக ஓடுவது பெரும்பாலும் 33 கே.வி. அதாவது அந்தச் சட்டை நமக்குத் தைத்ததே இல்லை. நாம் கேட்பது இதுதான்: கே.வி. எத்தனை என்று பார்க்காமல், தனியார் லைனுக்கும் அதே 200, அதே 30 என்று மாநில அரசு ஆணை போட வேண்டும்.

சரி, காற்றாலையே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். நம் கையில் வேண்டும். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை என்று ஒரு பஞ்சாயத்து. தலைவராக இருந்த சண்முகம் முன்னின்று, பஞ்சாயத்துச் சேமிப்போடு பேங்குக் கடனும் சேர்த்து, சுமார் 1 கோடியே 55 லட்சத்தில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 2006-இல் வாங்கினார்கள். ஊருக்குத் தேவையானது போக மீதியை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனையும் கட்டினார்கள். குஜராத்தில் துண்டி என்கிற ஊரில் ஆறு சம்சாரிகள் சேர்ந்து சோலார் மோட்டார் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். தண்ணி இறைக்கிற நேரத்துக்கு இறைப்பது, மிச்சக் கரண்டை 2016-லிருந்து மின் நிறுவனத்துக்கு விற்பது. வெயிலும் ஒரு வெள்ளாமை என்று ஆக்கிக் காட்டினார்கள்.

2019-இல் மத்திய அரசு கொண்டுவந்த பி.எம். குசும் திட்டத்தின் 'ஏ' பிரிவில், சம்சாரியோ கூட்டுறவோ பஞ்சாயத்தோ அரை மெகாவாட்டிலிருந்து 2 மெகாவாட் வரை சொந்தமாக நிறுவலாம் என்று வழி வைத்தார்கள். உயரக் கால் போட்டுப் பலகையை மாட்டினால் அடியில் பயிரும் வைக்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 5 ஏக்கர். வருஷத்துக்கு 15 லட்சம் யூனிட் என்று வையுங்கள். யூனிட் 3 ரூபாய்க்கு விற்றாலும் 45 லட்சம். அதே 5 ஏக்கரில் உளுந்து ஏக்கருக்கு 3 குவிண்டால் விளைந்து, 2025-26-க்கு அறிவித்த ஆதரவு விலை 7,800 ரூபாய் முழுசாகக் கிடைத்தாலும் 1 லட்சத்து 17 ஆயிரம்தான். கிடைத்தால்!

உடனே ஆசைப்பட்டுவிட வேண்டாம். ஒரு மெகாவாட்டுக்கு முதல் 4 கோடி ஆகும் என்று வைத்து, அதில் 2 கோடியே 80 லட்சம் கடன் என்றால், 9 வட்டிக்கு வருஷம் 25 லட்சம் வட்டியே போய்விடும். அசல், பராமரிப்பு எல்லாம் கட்டினால் கையில் ஒன்றும் நிற்காது. அதனால்தான் கம்பெனி பண்ண முடிகிறது, நம்மால் முடிவதில்லை. கெடு தவறாமல் கட்டுகிற பயிர்க்கடனுக்கு 4 வட்டி. அதே வட்டியில் கூட்டுறவு வங்கி கடன் கொடுத்தால் 25 லட்சம் 11 லட்சமாகிவிடும். ஊருக்கு முப்பது சம்சாரி சேர்ந்தால் நடக்கிற காரியம் இது. திட்டம் எந்தப் பெயரில் தொடர்ந்தாலும் இந்த வட்டியைத்தான் கேட்க வேண்டும். தனியாளாக நிலம் கொடுக்கிறவர்களும் கிரயம் பண்ண வேண்டாம். குத்தகைக்கு விடுங்கள், மூணு வருஷத்துக்கு ஒருமுறை உயர்வு, முடிவில் நிலத்தைச் சமன் பண்ணித் திருப்பித் தரவேண்டும் என்று பத்திரத்தில் எழுதி வாங்குங்கள்.

கரண்டுக்காகச் சம்சாரி ரோட்டுக்கு வந்தது இன்று நேற்றல்ல. மின்கட்டணத்துக்காக 1970-இல் பெருமாநல்லூரில் உயிர் விட்டார்கள். 1980 டிசம்பர் 31-இல் இதோ பக்கத்தில் குறிஞ்சாக்குளத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அய்யா நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பரில் கண்ணை மூடியது நம் கோவில்பட்டியில்தான். அவர்கள் கரண்டை வாங்குகிற விலைக்காகப் போராடினார்கள். நம் காலத்தில் கரண்டு நம் காட்டில் விளைகிறது.

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு எல்லாரும் சேர்ந்தே போகிறோம். வரும்போது பட்டா நகல், அடங்கல், நில அளவைப் படம் மூணையும் எடுத்து வாருங்கள். ஓடை மூடின இடம், கேட்காமல் கம்பம் நட்ட இடம் இருந்தால் சர்வே நம்பரைக் குறித்து, தேதியோடு செல்போனில் படம் எடுத்து, முந்தின நாளே சங்கத்து ஆள்களிடம் கொடுத்துவிடுங்கள். மனு எழுதத் தெரியாதவர்களுக்குக் கண்மாய்க்கரை ஆலமரத்தடியில் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். நிலம் பெயரில் இருக்கிற அக்காமார்கள் கட்டாயம் வரவேண்டும், கையெழுத்து உங்களுடையது. சோத்துப் பொட்டலம் அவரவர் கொண்டுவாருங்கள், திரும்ப நேரமாகும்.