கொல்லையில் ஒரு மல்பெரி மரம்



மல்பெரி என்றதும் பட்டுப்புழுதான் நம் நினைவுக்கு வரும். இன்று நான் பேச விரும்புவது, பழத்துக்காகக் கொல்லையில் வளர்க்கும் ஒற்றை மரத்தைப் பற்றி.

விதைக்குச்சி வாங்குமுன் தாய்மரத்தில் பழத்தைக் கண்ணால் பாருங்கள். மல்பெரியில் ஆண் மரமும் உண்டு. அதன் பூங்கதிர் உதிர்ந்துவிடும், காய்க்காது. குச்சி தாய்மரத்தின் குணத்தையே கொண்டுவரும். இதையெல்லாம் வகுப்பில் சொல்லித்தரும் நானே, யாரோ வெட்டிப் போட்டிருந்த குச்சியை அவசரத்தில் நட்டு, எருவிட்டு மூன்றாண்டு காத்திருந்தேன். ஆட்டுக்குத் தழை கிடைத்தது. பிள்ளைகளுக்குப் பழம் கிடைக்கவில்லை.

6 முதல் 8 மாதம் முதிர்ந்த, பென்சில் கனமுள்ள கிளையை 3, 4 பருக்களோடு ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு நறுக்குங்கள். அடி, நுனி மாறாமல், ஒரு பரு மண்ணுக்கு மேலே தெரிய நடவேண்டும். வேர் நன்கு பிடித்தபின், வெயில் படும் இடத்தில் ஒன்றரை அடிக் குழியில் தொழுவுரமிட்டு மாற்றி நடலாம். தண்ணீர் தேங்கக்கூடாது.

வெட்டத் தயங்காதீர்கள். புதுத் தளிரோடுதான் பூவும் பிஞ்சும் வரும். பழம் ஓய்ந்ததும் கவாத்து செய்தால் மரம் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும். இல்லையேல் பழமெல்லாம் காக்கைக்குத்தான்.

தளிர் நுனி சுருண்டு தடித்தால் அது மாவுப்பூச்சியின் வேலை. நுனியை ஒடித்து எரித்துவிடுங்கள், மருந்து தெளிக்காதீர்கள். பிள்ளைகள் கழுவாமலே பறித்துத் தின்பார்கள். பக்கத்து வீட்டார் அந்த இலையைப் பட்டுப்புழுவுக்குக் கொண்டுபோனால் புழுக்கள் மடிந்துவிடும்.

பழம் கருத்ததும் அன்றன்றே பறியுங்கள். மறுநாள்வரை தாங்காது.