பாலும் ஏணையும் போதுமா?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



பேரப்பிள்ளைகளை ஏணையிலிட்டு ஆட்டிய பெரியோர் முன்னிலையிலே கைக்குழந்தையின் உளவளர்ச்சியைப் பற்றிப் பேசத் துணிந்தோம். பொறுத்தருள வேண்டும்.

“பச்சைப்பிள்ளைக்கு என்ன தெரியும்? வயிறு நிறைந்தால் தூங்கும்” என்பது நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தை. அது எவ்வளவு பொருந்தும் என ஆராய்வோம்.

முதலாவது, அறிவு. பிறந்து 3 நாளும் நிரம்பாத சிசு, பிற பெண்ணின் குரலினும் தன் தாயின் குரலையே நாடுகின்றது என 1980இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் காட்டினர். 1984இல் வெளிவந்த கனடா நாட்டு ஆராய்ச்சி இன்னும் வியப்பானது. ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகள் இந்தி மொழியின் டகர தகர ஒலிகளை வேறுபிரித்து அறிந்தன. ஆங்கிலம் பேசும் பெரியோருக்கு அது அரிதாயிற்று. ஓராண்டு நிறைவதற்குள் குழந்தைகளிடமும் அத்திறன் குன்றிவிட்டது. ‘படம்’ வேறு, ‘பதம்’ வேறு என நம் செவி எளிதிற் பிரிப்பது, ஏணையிற் கிடந்த நாளில் நம்மோடு பேசினோர் தந்த செல்வமாகும்.

இரண்டாவது, உணர்ச்சி. சுவிற்சர்லாந்து அறிஞர் பியாசே தம் பிள்ளைகளின் முன்னே விளையாட்டுப் பொருளைத் துணியால் மறைத்துப் பார்த்தார். இளங்குழந்தை அதனைத் தேடுவதில்லை. ஏறக்குறைய 8 மாதமானதும் துணியை நீக்கித் தேடுகின்றது. அக்காலத்தையொட்டியே, தாய் அறையை விட்டகன்றால் அழுகையும், புதியவரைக் கண்டால் அச்சமும் தோன்றுகின்றன. கண்ணுக்கு மறைந்தாலும் அம்மா எங்கோ இருக்கிறாள் என அறியத் தொடங்கிய குழந்தையே அவளுக்காக அழுகின்றது. அதனைப் பிடிவாதமென்று அதட்டலாமா?

மூன்றாவது, உறவு. கொஞ்சி விளையாடிய தாய் திடீரென முகத்தைச் சலனமின்றி வைத்துக்கொண்டால் என்ன நிகழும்? 1978இல் திரோனிக் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, குழந்தை முதலிற் சிரித்து அழைத்தது. பயன் காணாது முகந்திருப்பிச் சோர்ந்தது. பாலுக்கு ஏங்குவதுபோலவே பதிலுக்கும் குழந்தை ஏங்குகின்றது.

அப்பதில் கிடையாமலே வளர்ந்தால்? 1989இல் ருமேனியாவின் சர்வாதிகார ஆட்சி வீழ்ந்தபோது, ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரசாங்க விடுதிகளில் இருந்தனர். உணவும் கட்டிலும் ஒருவாறு கிடைத்தன; நிலையாக அணைத்து வளர்க்க ஒருவர் இல்லை. பின்னர் புக்கரெஸ்ட் நகரில் நடந்த ஆராய்ச்சியிலே, 136 குழந்தைகளிற் பாதிப்பேர் சீட்டுப் போட்டாற்போலத் தெரிந்தெடுக்கப்பட்டு, வளர்ப்புக் குடும்பங்களில் விடப்பட்டனர். அவர்கள் அறிவிலும் உறவிலும் விடுதிப் பிள்ளைகளை முந்தினர். 2 வயதுக்கு முன் சென்றோர் சிறப்பாக முன்னேறினர்.

குழந்தையைக் கூர்ந்து நோக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ்ப் புலவர் ஐந்தாம் மாதத்துச் செங்கீரையையும் ஒன்பதாம் மாதத்துச் சப்பாணியையும் பிரித்துப் பாடினர். அருகிருந்து பார்த்தவர்க்கன்றி அது இயலுமா?

அன்பர்களே! பிறந்தநாளிலும் திவசத்திலும் சிறுவர் இல்லங்களுக்கு அன்னமளிப்பது நம்மவர் வழக்கம். நல்லறமே, ஆயினும் ஒருவேளைச் சோற்றோடு நம் கடன் தீராது. தாயற்ற குழந்தைக்கு இல்லம் தேடுமுன், சின்னம்மாவோ மாமனோ ஏற்கும் வீட்டைத் தேடுவோம்; அவ்வீட்டாருக்குப் பொருளுதவி செய்வோம். இல்லத்திலேதான் வளரவேண்டுமாயின், ஆள் மாறாது ஒருவரே பேணும் ஏற்பாட்டை வேண்டுவோம். வாலிபர்களே! வீட்டிலே குழந்தை அழுதால், “பெண்கள் பார்ப்பார்கள்” என்று அகலாது, தூக்கி அணைத்துப் பேசுங்கள். பேச்சறியாப் பிள்ளையோடு பேசுவதும் சிவத்தொண்டே.