பெரியப்பா விட்டுப்போன 40 பைகள்

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் பர்சனல்.

மூணு மாசம் முன்னாடி எங்க பெரியப்பா இறந்துட்டாரு. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். கிட்னி ஃபெயிலியர். வீட்டுலயே சிஏபிடி பண்ணிட்டு இருந்தாரு. அதாவது, வயித்துல இருக்கற ட்யூப் வழியா டயாலிசிஸ் திரவத்தை ஏத்தி, சில மணி நேரம் கழிச்சு இறக்கணும். தினமும் நாலு தடவை, தடவைக்கு 2 லிட்டர்.

அவர் போனப்போ 40 பை மிச்சம். கணக்கு போடுங்க, 80 லிட்டர். ஃபிரிட்ஜ்ல எரித்ரோபொய்ட்டின் ஊசி, டப்பா நிறைய ஆன்டிபயாட்டிக். பெரியம்மா அந்த ரூமுக்குள்ளயே போகலை. "தம்பி, பாக்குறப்போலாம் அவர் ஞாபகம்தான். யாருக்காவது குடுத்துடுடா"ன்னாங்க.

நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆஸ்பத்திரி டயாலிசிஸ் நர்ஸுக்கு போன் பண்ணேன். வாங்க முடியாதுன்னுட்டாங்க. காரணம் நியாயமானது. அந்த ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள்ள வெச்சிருக்கணும். நடுவுல கரண்ட் எத்தனை தடவை போச்சுன்னு யாருக்குத் தெரியும்? வாட்ஸ்அப்ல போட்டு விக்கலாமான்னா, லைசென்ஸ் இல்லாம மருந்து விக்கறது சட்டப்படி குற்றம்.

அப்புறம் பிரிச்சோம். வாக்கர், பிபி மெஷின், எடை மெஷின் மூணையும் துடைச்சு, தெருவுல தேவைப்பட்டவங்களுக்குக் குடுத்தோம். திரவம் குளுக்கோஸும் உப்புகளும்தான். நர்ஸ் சொன்னபடி சாக்கடையில ஊத்திட்டு, காலிப் பையைப் பிளாஸ்டிக்ல போட்டோம்.

மாத்திரைகளை அப்படி ஊத்தக் கூடாது. ஆன்டிபயாட்டிக் தண்ணியில கலந்தா, மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரும். 2025-ல மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஃபென்டனில், டிரமடால் மாதிரி 17 மருந்துகளைத்தான் டாய்லெட்ல ஃப்ளஷ் பண்ணலாம்னு பட்டியல் போட்டுச்சு. அதெல்லாம் வேற யார் கையிலயாவது சிக்கினா உயிருக்கே ஆபத்து, அதனால.

கடைசியா ஊசி. இங்கதான் எனக்கு உறைச்சது. எங்க ஊர் சிப்காட்லயே அபாயகரக் கழிவுக் கிடங்கு இருக்கு. ஃபேக்டரி கழிவு லாரியில ஏறினா, கூடவே ஒரு பேப்பரும் போகணும். எங்கிருந்து கிளம்புச்சு, எங்க போய்ச் சேர்ந்துச்சுன்னு எல்லாம் பதிவு. வீட்டு ஊசிக்கு அந்தப் பேப்பர் கிடையாது. குப்பை பிரிக்கிற அக்காவோட கைதான் இருக்கு. ஒரு குத்து போதும், ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி பரவ வாய்ப்பு இருக்கு.

2016-ல வந்த திடக்கழிவு விதிகள், வீட்டு ஊசியையும் காலாவதி மருந்தையும் வீட்டு அபாயக் கழிவுன்னு வகைப்படுத்துச்சு. தனியாத்தான் குடுக்கணும். ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டாதீங்க, அப்பதான் நிறைய பேருக்குக் குத்துது. கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு, இறுக்கி மூடி, டேப் ஒட்டி, "ஊசி"ன்னு தமிழ்ல பெருசா எழுதுங்க. கையில குடுக்கும்போது வாயாலயும் சொல்லுங்க.

நான் சொன்னப்போ அந்த அக்கா கேட்டாங்க: "இத்தனை வருஷத்துல நீதான் தம்பி சொல்லிக் குடுக்கற."

இந்த வாரம் உங்க ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.