உறுமி: பெயரும் பொருளும்
(திருவிழாச் சிறப்புரை)

 

நம் மலேசியத் திருநாட்டில் காவடி புறப்படும்போது உறுமி மேளம் உடன் முழங்குவதைக் காண்கிறோம். அதனை முழக்குவோர் பெரும்பாலும் இளைஞர்களே. அவர்கள் கையிலுள்ள கருவியின் பெயர் குறித்துச் சில கூற விழைகிறேன்.

உறுமி மேளம் என்பது வழக்கில் 'உறுமி' எனக் குறுகி நிற்கிறது. புலி உறுமுகிறது என்கிறோம். 'உறுமு' என்னும் அவ்வினைச்சொல்லின் ஈற்று உகரம் நீங்கி, 'இ' விகுதி சேர, உறுமுவது 'உறுமி' ஆயிற்று. மண்ணை வெட்டுவது மண்வெட்டி, மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி என்பன போன்றதே இதுவும்.

கருவியின் அமைப்பே இப்பெயருக்குச் சான்று. இடை சிறுத்த இருமுகத் தோற்கருவி இது. ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பர். மறுமுகத்தை வளைந்த கோலால் அழுத்தித் தேய்ப்பர். அத்தேய்ப்பில் எழுவதே உறுமல். தமிழ்நாட்டில் நையாண்டி மேளத்திலும், பூம்பூம் மாட்டுக்காரரிடத்தும் இவ்வொலியைக் கேட்கலாம்.

பெயர் குறுகுதல் உலக வழக்கே. 1700ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் கிறிஸ்தோபோரி உருவாக்கிய இசைக்கருவி, பின்னர் 'பியானோபோர்த்தே' எனப்பட்டது. 'பியானோ' மென்மை, 'போர்த்தே' வன்மை. இரண்டையும் ஒலிக்க வல்லது என்பது கருத்து. பெயர் சுருங்கியபோது வன்மை உதிர்ந்து மென்மை மட்டும் எஞ்சிற்று. நம் உறுமியோ, மேளம் என்னும் பொதுப்பெயரை உதிர்த்துத் தன் சிறப்பைத் தக்கவைத்துக்கொண்டது.

அச்சிறப்பு ஓர் எழுத்தில் நிற்கிறது. பதாகைகளில் 'உருமி' என இடையின ரகரமிட்டு எழுதக் காண்கிறோம். 'உரு' என்பது வடிவம். அதில் உறுமல் இல்லை. தமிழ்ப்பள்ளியின் தொடக்க வகுப்பில் ரகர றகர வேறுபாட்டை எங்கள் ஆசிரியர் பன்முறை எழுதவைப்பார். அப்பயிற்சியின் பயன் இத்தகைய இடத்திலேதான் புலனாகிறது.

இளைஞர்களே, உங்கள் குழுவின் பெயரை வல்லின றகரமிட்டு எழுதுங்கள். புதிதாய்க் கோல்பிடிக்க வரும் சிறுவனுக்குத் தாளத்தோடு பெயரின் பொருளையும் சொல்லிக்கொடுங்கள். பெரியோர்களே, இதனை வெற்றிரைச்சல் என ஒதுக்கிவிடாமல், தேய்க்கும் கோலின் ஒலியைத் தனித்துச் செவிமடுங்கள். தேர்ந்த கையில் அது ஏறியும் இறங்கியும் பேசும். பெயரறிந்து முழக்கும் பிள்ளையும் பொருளறிந்து கேட்கும் பெரியவரும் ஒரே வீதியில் நடந்தால், இக்கலை அடுத்த தலைமுறைக்கும் செல்லும்.